கருகிய பணியாரமும் செத்தவன் விரலும்

முதல் நாள், சனிக்கிழமை: லிண்ட்ஹர்ஸ்ட்

மூன்று மாதம் எங்களோடு இருந்துவிட்டுப் போகலாம் என்று தென்காசிப் பக்கத்திலிருந்து வந்த அப்பாவுக்கு, இங்கிலாந்தில் எங்கள் ரெடிங் வீட்டில் பார்ப்பதற்கு இருப்பதெல்லாம் பக்கத்து வீட்டு வேலியும் செவ்வாய்க்கிழமை வரும் குப்பை வண்டியும்தான். "இங்கன காடு கீடு ஒண்ணும் கிடையாதாலே?" என்று போன வாரம் கேட்டார். மகளுக்கு அக்டோபர் கடைசியில் ஒரு வாரம் பள்ளி விடுமுறை. மனைவிக்கு லீவு கிடைக்கவில்லை. சரி, மூன்று பேர் போதும் என்று காரை எடுத்துவிட்டேன்.

வந்திருக்கும் இடம் நியூ ஃபாரஸ்ட். தமிழில் புதுக்காடு. இங்கிலாந்தைப் பிடித்த நார்மன் மன்னன் வில்லியம் 1079-ல் தன் வேட்டைக்கென்று வளைத்துப் போட்டபோது அது புதிது. அதற்கப்புறம் ஏறக்குறைய 950 வருடம் ஓடிவிட்டது, பெயரை மாற்ற யாருக்கும் தோன்றவில்லை. அப்பாவிடம் இதைச் சொன்னதும், "நம்ம ஊரு புது பஸ் ஸ்டாண்டு மாதிரின்னு சொல்லு" என்றார்.

இங்கே சாலை குதிரைகளுக்குச் சொந்தம். மட்டக்குதிரைகள் நடுரோட்டில் நின்று யோசிக்கின்றன, கார்கள் காத்திருக்கின்றன. இலையுதிர் காலமானதால் பன்றிகளையும் அவிழ்த்து விட்டிருக்கிறார்கள். ஓக் மரத்துக் காய்கள் பச்சையாக உதிர்ந்து கிடக்கும், அவற்றைத் தின்றால் குதிரைக்கும் மாட்டுக்கும் விஷம், பன்றிக்கு விருந்து. ஆகவே வருடத்துக்குக் குறைந்தது 60 நாள் பன்றிகளுக்குக் காடு திறந்திருக்கும். காட்டோரத்துக் குடியானவர்களுக்கு இது பரம்பரை உரிமை.

காளானைப் பற்றி எழுதும் எண்ணம் எனக்குச் சுத்தமாக இல்லை. கெடுத்தது மகள். கிராமத்துக் கடையில் காளான் படங்கள் போட்ட ஒரு மடிப்பு அட்டையை வாங்கிக்கொண்டு, காரின் பின்சீட்டில் உட்கார்ந்து பெயர்களை உரக்க வாசிக்க ஆரம்பித்தாள். தாத்தாவுக்குப் புரிய வேண்டுமே, நான் தமிழாக்கிச் சொல்லிக்கொண்டே வண்டி ஓட்டினேன்.

"தி சிக்கனர்."

"வாந்தி எடுக்க வைக்கிறவன்."

"தி டிசீவர்."

"ஏமாத்துக்காரன்."

"தி பிளஷர்."

"வெட்கப்படுறவ."

"தி மில்லர். தி பிரின்ஸ்."

"மாவு மில்காரர். இளவரசர்."

அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "ஏலே, இது காளானா, நாடக செட்டா?" என்றார்.

நியாயமான கேள்வி. கட்டியங்காரன் ஒருவன்தான் குறை. ஆனால் ஒவ்வொரு வேஷத்துக்கும் காரணம் இருக்கிறது. மாவு மில்காரரை முகர்ந்தால் பிசைந்த மாவு வாசனை வரும். வெட்கப்படுகிறவளைக் கிள்ளினால் அந்த இடம் மெல்லச் சிவக்கும். இளவரசரிடம் பாதாம் வாசனை. ஏமாற்றுக்காரன் வெயிலுக்கு ஒரு நிறம், மழைக்கு ஒரு நிறம், வயதுக்கு ஒரு வடிவம் காட்டுவான். சிவப்புத் தொப்பியோடு அழகாக நிற்கும் முதல் ஆள் என்ன செய்வான் என்பதைப் பெயரே சொல்லிவிடுகிறது.

தங்கும் விடுதி அம்மா சாவியைக் கையில் தரும்போதே, "பாருங்கள், பறிக்காதீர்கள்" என்றார். காட்டின் வாசல் பலகைகளிலும் அதே வேண்டுகோள்.

இரண்டாம் நாள், ஞாயிறு: மார்க் ஆஷ் காடு

மார்க் ஆஷ் காட்டில் முக்கால்வாசி பீச் மரங்கள். பல மரங்கள் ஆள் உயரத்துக்கு மேலே கை விரித்த மாதிரி நாலைந்தாகக் கிளை பிரிந்து நிற்கின்றன. அந்தக் காலத்தில் ஆடுமாடு எட்டாத உயரத்தில் தலையை வெட்டிவிட்டு, தழைகிற கொப்புகளை விறகுக்கும் தீனிக்கும் எடுத்திருக்கிறார்கள். கப்பல் கட்ட நல்ல மரம் வேண்டும் என்று 1698-ல் சட்டம் போட்டு அதைத் தடுத்துவிட்டார்கள். எனவே அப்படிப் பிரிந்து நிற்கும் மரத்தைப் பார்த்தால் முந்நூறு வயதுக்குக் குறையாது என்று கணக்குப் போட்டுக்கொள்ளலாம். விழுந்த மரத்தையும் இங்கே அப்படியே விட்டுவிடுகிறார்கள். காளானுக்கு இதைவிட என்ன வேண்டும்.

முதலில் மாட்டியது ராஜா ஆல்ஃபிரெடின் கேக். விழுந்து கிடந்த ஆஷ் மரத்தில் கறுப்பாக, உருண்டையாக, எலுமிச்சம்பழ அளவில் வரிசையாக ஒட்டிக்கொண்டிருந்தது. கதை இது: 878-ல் படையெடுத்து வந்த வைகிங்குகளான டேன்களிடம் தோற்ற ஆல்ஃபிரெட் மன்னன் சாமர்செட் சதுப்புக்குள் போய் ஒளிந்துகொண்டான். அடைக்கலம் கொடுத்த குடிசைக்காரி, வந்தவன் ராஜா என்று தெரியாமல், அடுப்பில் வேகும் கேக்கைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுப் போனாள். இவன் ராஜ்ஜியக் கவலையில் கோட்டைவிட்டான். கேக் கரியானது, ராஜாவுக்குத் திட்டு விழுந்தது. ஆல்ஃபிரெட் செத்து வெகுகாலம் கழித்தே எழுதி வைக்கப்பட்ட கதை என்பதால் நடந்ததா என்று கேட்கக் கூடாது. காளானைப் பார்த்தால் நடந்திருக்கும் என்றுதான் தோன்றுகிறது.

அப்பா குனிந்து தொட்டுப் பார்த்தார். விரலில் கறுப்பாக ஒட்டியது. "கேக்காவது ஒண்ணாவது. இது கருகின பணியாரம். உங்க அம்மை கல்யாணம் ஆன புதுசுல சுட்டது இப்படித்தான் இருந்துது."

அம்மா போய் நாலு வருடமாகிறது. அவள் இருந்திருந்தால் இந்தப் பேச்சுக்கு அவருக்கு மத்தியானச் சோறு கிடைத்திருக்காது.

இந்தப் பணியாரத்தை உடைத்தால் உள்ளே வெள்ளியும் கறுப்புமாக அடுக்கடுக்கான வளையங்கள் இருக்கும். உடைந்து கிடந்த ஒன்றில் பார்த்தோம். காய்ந்ததில் ஒரு பொறி விழுந்தால் எரியாது, அணையாது, வறட்டி போல உள்ளுக்குள்ளேயே கனன்றுகொண்டிருக்கும். தீப்பெட்டி இல்லாத காலத்தில் நெருப்பை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் கொண்டுபோக இது உதவியிருக்கிறது. இதற்கே இன்னொரு பெயர் 'பிடிப்பு உருண்டை'. பையில் வைத்துக்கொண்டால் கால் இழுத்துப் பிடிக்காது என்று நம்பினார்களாம். இரவில் கால் இழுக்கிறது என்று தினமும் புலம்பும் அப்பா ஒன்றை எடுத்துப் பையில் போடப் பார்த்தார். பேத்தி பலகையைக் காட்டினாள்.

அடுத்தது 'செத்தவன் விரல்'. பாசி பிடித்த ஒரு பீச் கட்டையின் அடியில் மண்ணிலிருந்து நாலைந்து கறுப்பு விரல்கள் மேலே நீட்டிக்கொண்டிருந்தன. கணு தெரிகிறது, நுனி கொஞ்சம் வெளுத்து நகம் மாதிரிகூட இருக்கிறது. மகள் அலறிவிட்டு, அலறியதற்காக வெட்கப்பட்டு, பத்து போட்டோ எடுத்தாள். இதைவிட மெலிந்த ஒரு உறவுக்காரி உண்டு, சிக்கமோர் மரத்தில் வருவாள். அவளுக்குப் பெயர் 'செத்த மோலியின் விரல்'. ஆணுக்குத் தடித்த விரல், பெண்ணுக்கு மெலிந்த விரல், இரண்டு பேரும் பிணம். பெயர் வைத்தவரோடு ஒரு டீ குடிக்க ஆசையாக இருக்கிறது.

அதே குடும்பத்தில் மூன்றாவது ஆள் கொஞ்சம் சாது. 'அணைத்த திரி'. அடி கறுப்பு, நுனி வெள்ளைப் பொடி. சுண்டினால் புகை மாதிரி மெல்லியதாக ஒன்று எழுந்து போகிறது. அணைத்த விளக்கேதான். "விளக்கை வாயால ஊதி அணைச்சா இப்படித்தான் இருக்கும், பூவால அணைக்கணும்" என்று அப்பா பேத்திக்குப் பாடம் எடுத்தார்.

மூன்றாம் நாள், திங்கள்: மழை

காலையிலிருந்து கொட்டுகிறது. விடுதிச் சாப்பாட்டு அறையில் தேநீர், பிஸ்கட், மடிப்பு அட்டை. அப்பா கேட்டார்: "இதுக்கெல்லாம் நம்ம ஊர்ல என்ன பேரு?"

நான் சொன்னேன்: "நாய்க்குடை."

"அது இதுக்கு. அதுக்கு?"

"அதுவும் நாய்க்குடை."

அவருக்கு இது பிடிக்கவில்லை. அவர் ஊரில் இடி இடித்து மழை பெய்த மறுநாள் விடிவதற்குள் புற்றைத் தேடி ஓடியவர். புற்றுக்காளான் தெரியும், பொடிப்பொடியாகக் கூட்டமாகப் பூக்கும் அரிசிக்காளான் தெரியும். கறையான் தன் புற்றுக்குள்ளே தோட்டம் போட்டு வளர்க்கும் பூஞ்சையின் பூதான் அந்தப் புற்றுக்காளான் என்று நான் சொன்னபோது, "அது வளக்கும், நாம திருடுவோம்" என்று ஒப்புக்கொண்டார். ஆக, சட்டிக்கு வருவதற்கெல்லாம் பெயர் இருக்கிறது. சட்டிக்கு வராத அத்தனைக்கும் சேர்த்து ஒரே ஒரு பெயர், அதையும் நாய் தலையில் கட்டிவிட்டோம். பழந்தமிழில் ஆம்பி என்று ஒரு அழகான சொல் இருந்தது. சமைத்து நாளாகிப் போன அடுப்பில் ஆம்பி பூத்தது என்று ஒரு சங்கப் புலவர் தன் வீட்டு வறுமையைச் சொல்கிறார். சாப்பிட எதுவுமில்லாத அடுப்பில் முளைத்த அந்த ஆம்பி எந்த ஆம்பி என்று அவர் சொல்லவில்லை. பசியில் யார் பார்ப்பது.

நாம் மட்டும் இல்லை. கன்னடத்திலும் அது நாயிகொடெ, நாயின் குடைதான். வங்காளத்தில் தவளையின் குடை. இந்திக்காரர்கள் ஒரு படி மேலே போய் நாய் மூத்திரம் என்றே வைத்துவிட்டார்கள், குக்குர்முத்தா. ஆங்கிலத்தில் டோட்ஸ்டூல், தேரை உட்காரும் முக்காலி. டச்சுக்காரர்களும் அதே முக்காலியைத்தான் போடுகிறார்கள். வேல்ஸில் தேரையின் பாலாடைக்கட்டி. தனக்கு வேண்டாததை நாய்க்கும் தேரைக்கும் எழுதி வைப்பதில் உலகம் ஒற்றுமையாக இருக்கிறது.

அப்படியென்றால் இந்த நாடக செட்டுப் பெயர்கள் எங்கிருந்து வந்தன? இத்தாலியர்களையும் போலந்துக்காரர்களையும் போலக் காட்டுக் காளானைத் தேடித் தின்ற சனம் இல்லை ஆங்கிலேயர்கள். பயந்து ஒதுங்கியவர்கள். கிராமத்தில் புழங்கிய பழைய பெயர்கள் கொஞ்சம்தான், மிச்சமெல்லாம் லத்தீன். லத்தீன் பெயரை வைத்துக்கொண்டு ஒரு காளானைக் காப்பாற்றுங்கள் என்று ஊர் மக்களிடம் போய்க் கேட்க முடியாது. அதனால் 2003-ல் லிஸ் ஹோல்டன் என்பவர், பிரிட்டனின் பூஞ்சையியல் சங்கமும் இயற்கைப் பாதுகாப்பு அமைப்புகளும் சேர்ந்த முயற்சியில், ஆங்கிலப் பெயர்ப் பட்டியல் ஒன்றைத் தொகுத்தார். பழையது இருந்தால் வைத்துக்கொண்டார்கள், இல்லாததற்குப் புதிதாகச் சூட்டினார்கள். பாட்டி காலத்துப் பெயர் போலத் தொனிக்கிற சிலவற்றுக்கு என் மகளைவிட ஒரு தலைமுறைகூட வயது அதிகமில்லை. முதலில் இது எனக்கு ஏமாற்றமாக இருந்தது. மழையைப் பார்த்துக்கொண்டே யோசித்ததில் ஏமாற்றம் போய்விட்டது. மேசையைச் சுற்றி உட்கார்ந்து பெயர் வைக்கலாம் என்றால், நாங்களும் இப்போது மேசையைச் சுற்றித்தான் உட்கார்ந்திருக்கிறோம்.

சாயங்காலம் மழை விட்டது. விடுதிக்குப் பின்னால் வேலியோரத்து எல்டர் மரத்தில் காது காதாகத் தொங்கிக்கொண்டிருந்தது. ஏசுவைக் காட்டிக்கொடுத்த யூதாஸ் எல்டர் மரத்தில் தூக்குப் போட்டுக்கொண்டான் என்று ஒரு நம்பிக்கை, அதனால் யூதாஸின் காது. பேச்சில் அது தேய்ந்து யூதர்களின் காது என்றாகி, நெடுங்காலம் அப்படியே அச்சிலும் இருந்தது. இப்போது ஜெல்லிக்காது என்கிறார்கள். நல்ல மாற்றம். தொட்டால் மடல் மாதிரியே குளிர்ச்சியாக, வழுவழுவென்று இருக்கிறது. மகள் அதனிடம் ரகசியம் ஏதோ சொன்னாள்.

நான்காம் நாள், செவ்வாய்: வழிகாட்டியோடு

இன்று எழுத நிறைய இருக்கிறது, கால்வேறு வலிக்கிறது.

காலையில் ஒரு வழிகாட்டி அம்மாவோடு பதினைந்து பேர் நடந்தோம். முன்பு பள்ளியில் உயிரியல் சொல்லிக்கொடுத்தவர், கழுத்தில் பூதக்கண்ணாடி. அப்பாவின் கறுப்புக் குடையைப் பார்த்து, "இதைவிடப் பெரிய காளான் இன்று கிடைக்காது" என்றார். நான் மொழிபெயர்த்ததும் அப்பாவுக்கு அவரைப் பிடித்துப்போனது.

பிர்ச் மரத்தடியில் சிவப்புத் தொப்பியில் வெள்ளைப் புள்ளி. குழந்தைகள் காளான் வரைந்தால் வரைவது இதைத்தான். ஃப்ளை அகாரிக், ஈக் காளான். பாலில் கிள்ளிப் போட்டு ஈ பிடிக்க வைப்பார்களாம். புல்வெளியில் வக்கீல் விக். பழைய நீதிமன்றத்து வெள்ளைச் சுருள்முடி அப்படியே. வயதானதும் கீழிருந்து கரைந்து கறுப்பு மையாக ஒழுகிவிடும். வக்கீல் கடைசியில் மையாகப் போவதில் ஒரு பொருத்தம் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். இதன் ஒன்றுவிட்ட தம்பி இன்னும் சுவாரசியம்: 'குடிகாரன் கேடு'. அதைத் தின்றுவிட்டு மது குடித்தால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, குமட்டி எடுக்கும். குடியை நிறுத்தக் கொடுக்கும் மாத்திரை செய்கிற வேலையை இது காட்டில் நின்று செய்கிறது. நம் ஊரில் இது முளைத்தால் வீட்டுப் பெண்கள் பாத்தி கட்டி வளர்ப்பார்கள்.

சாம்பல் உருண்டையாக நின்றவற்றை மகள் குச்சியால் தட்டினாள். புஸ்ஸென்று புகை. லத்தீன் பெயர் லைகோபெர்டன். வழிகாட்டி அம்மா முகத்தை மாற்றாமல் விளக்கினார்: கிரேக்கத்தில் லைகோஸ் என்றால் ஓநாய், மற்றது அது பின்பக்கம் விடுவது. அப்பாவுக்கு நான் இரண்டே வார்த்தையில் சொன்னேன். ஓநாய்க் குசு. எழுபத்தொரு வயதும் ஒன்பது வயதும் ஒரு ஓக் மரத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்ததில் பின்னால் வந்தவர்கள் நின்றுவிட்டார்கள். லத்தீன் என்றால் மரியாதையான மொழி என்று அதுவரை நினைத்திருந்தேன்.

கொஞ்ச தூரத்தில் செத்த எலி நாற்றம். கண்ணுக்கு முன்னால் மூக்குக்குத் தெரிகிற காளான் இது, ஸ்டிங்க்ஹார்ன், நாறும் கொம்பு. உச்சியில் பச்சைக் குழம்பு பூசியிருக்கும், ஈ மொய்த்துத் தின்று விதைத்தூளைக் காலிலும் வயிற்றிலுமாகச் சுமந்து போகும். உருவத்தை நான் விவரிக்கப் போவதில்லை. லத்தீன் பெயர் அதை 'வெட்கங்கெட்ட' என்ற அடைமொழியோடு பச்சையாகவே சொல்லிவிடுகிறது. சார்லஸ் டார்வினின் மகள் எட்டி, கையுறையும் கூடையும் கூர்க்கோலுமாகக் காட்டுக்குள் மோப்பம் பிடித்துப் போய், இதைக் குத்தி எடுத்து வந்து, கூடத்துக் கதவைச் சாத்திக்கொண்டு அடுப்பில் எரிப்பாராம். வேலைக்காரப் பெண்கள் பார்த்துக் கெட்டுவிடக் கூடாதாம். அப்பன் உயிர்களின் தோற்றத்தை உலகத்துக்கே எடுத்துச் சொன்னவர், மகளோ ஒரு காளானின் தோற்றத்தை மறைக்கப் பாடுபட்டிருக்கிறார். "அது என்னதுப்பா?" என்று மகள் கேட்டாள். "கொம்பு" என்றேன்.

அப்புறம் ஒரு ஓக் மரத்தடியில் வழிகாட்டி அம்மா கையை உயர்த்தி எல்லாரையும் நிறுத்தினார். சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்தார். ஆலிவ் பச்சை ஓடிய வெளிர்த் தொப்பி, வெள்ளைத் தண்டு, அடியில் கிழிந்த பை போல ஒன்று. நேற்றுவரை பார்த்ததில் இதுதான் அடக்கமான அழகு. டெத் கேப். சாவுத்தொப்பி.

பாதித் தொப்பி ஒரு ஆளுக்குப் போதும். சமைத்தாலும் விஷம் போகாது. சாப்பிட்ட உடனே ஒன்றும் தெரியாது. ஆறு மணி நேரம், சில சமயம் ஒரு நாள் கழித்து வாந்தியும் பேதியும் தொடங்கும். பிறகு நின்று, சரியாகிவிட்டது போல ஒரு நாள் காட்டும். அந்த நாளில்தான் ஈரல் உள்ளே அழிந்துகொண்டிருக்கும். உலகில் காளான் தின்று நடக்கும் சாவுகளில் பெரும்பங்கு இந்த ஒன்றால்தான். பறித்துச் சமைத்துச் சாப்பிட்டவர்களில் சிலர் ருசியாக இருந்தது என்றும் சொல்லியிருக்கிறார்கள் என்றார் அந்த அம்மா. அதுவரை நான் கேட்ட பெயர்களில் விளையாட்டே இல்லாத பெயர் இது. இருக்கவும் கூடாது. அப்பா பேத்தியின் கையைப் பிடித்துக்கொண்டார். மத்தியானம்வரை விடவில்லை.

திரும்பும் வழியில் அதிர்ஷ்டம் அடித்தது. வயதான பீச் மரத்தின் பொந்தில், இரண்டு ஆள் உயரத்தில், வெள்ளை வெளேரென்று தாடி தொங்கியது. இங்கே இதன் பெயர் தாடிப்பல். பிரிட்டனில் அரிது. பறிப்பது சட்டப்படி குற்றம், இந்தக் காடு அதற்குப் பெரிய புகலிடம். இதையே சிங்கப் பிடரி என்றும் சொல்வார்கள். சீனாவில் குரங்குத் தலை. ஜப்பானில் மலையில் தவம் செய்யும் யமபுஷி சாமியாரின் பெயரில் யமபுஷிதாக்கே. ஒரே காளான்தான், பார்த்த ஊருக்கு ஏற்ற முகம்.

"நம்ம பக்கம் இருந்தா என்ன பேரு வச்சிருப்போம் தாத்தா?"

அப்பா அண்ணாந்து பார்த்தபடியே யோசித்தார். "குத்தாலத்து மேல பொந்துல இப்படி ஒண்ணு தொங்கிச்சுன்னா? சித்தர் தாடிதான். வேற என்ன."

மகள் அட்டையின் ஓரத்தில் ஆங்கில எழுத்தில் எழுதிக்கொண்டாள். அதற்கு மேலே கருகின பணியாரம் ஏற்கெனவே இருந்தது.

ஐந்தாம் நாள், புதன்: பர்லி, வீடு

பர்லி கிராமம் சூனியக்காரிக் கடைகளால் பிழைக்கிறது. 1950-களில் சிபில் லீக் என்ற பெண்மணி, தான் சூனியக்காரி என்று வெளிப்படையாகச் சொல்லிக்கொண்டு, தோளில் ஒரு காக்கை இனப் பறவையோடு இங்கே நடமாடியிருக்கிறார். விளக்குமாறும் கூம்புத் தொப்பியும் விற்ற கடைகளில் எனக்கு ஒன்றும் பிடிக்கவில்லை. கிராமத்துக்கு வெளியே விழுந்து கிடந்த ஓக் கிளையில் கறுப்பாக, கொழகொழவென்று சூனியக்காரியின் வெண்ணெய் அப்பிக்கிடந்தது. அது பரவாயில்லை. அப்பா அதைப் பார்த்து, "அல்வாவுல எண்ணெய் கூடிப்போச்சு" என்றார். திருநெல்வேலிக்காரர், வேறென்ன தோன்றும்.

கார் நிறுத்துமிடத்துக்கு வந்தால் நேற்றைய வழிகாட்டி அம்மா வேறொரு கூட்டத்துக்காகக் காத்திருந்தார். என் காலடியில், இலைக்குப்பையில், பழுப்பாக, சின்னதாக, எந்த விசேஷமும் இல்லாமல் ஒன்று நின்றது. அட்டையில் தேடினோம், இல்லை. போனில் இருந்த செயலியிடம் காட்டினேன். மூன்று கோணத்தில் எடுத்த மூன்று போட்டோவுக்கும் மூன்று பெயர் சொன்னது. சரி, ஆளே இருக்கிறார் என்று அவரிடமே கேட்டோம்.

அவர் குனிந்து, பூதக்கண்ணாடியை எடுத்து, திருப்பி வைத்துவிட்டார். இந்த மாதிரிப் பழுப்புக் குட்டிகள் நூற்றுக்கணக்கில் உண்டு, நுண்ணோக்கி இல்லாமல் பிரிக்க முடியாது, அதனால் நிபுணர்கள் எல்லாவற்றுக்கும் சேர்த்து 'சின்னப் பழுப்பு உருப்படி' என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டிவிடுவார்கள் என்றார்.

அப்பாவுக்குச் சொன்னேன். முகம் மலர்ந்துவிட்டது.

"அப்போ அது நாய்க்குடைன்னு அந்த அம்மாகிட்ட சொல்லுலே."

சொன்னேன். நாய், குடை, இரண்டையும் விளக்கினேன். அவர் சின்ன நோட்டுப் புத்தகத்தை எடுத்து, எழுத்துக்கூட்டிச் சொல்லச் சொல்லி எழுதிக்கொண்டார். 'ய்' என்பதில் மட்டும் கொஞ்சம் தடுமாறினார்.